மே இருபத்திரண்டில் படலையடியில் நிற்பது யார்

சுருவில்,
1978 ஏப்ரல் கடைசி.

என் அன்பு மகனுக்கு,

இவ்வளவு நேரம் கடந்து எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள். "அம்மா, நீங்கள் இரவிலே எழுதுற கடிதங்களை நான் பகலிலேதான் பிரிக்கிறனான், இல்லையெண்டால் எனக்கும் நித்திரை போயிடும்" என்று போன தைப்பொங்கலுக்கு வந்தபோது பகிடி விட்டாய். என்ன செய்வது, எனக்கு வேறு நேரம் கிடைப்பதில்லை. காலையில் ஊர்காவற்றுறை பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம், பின்னேரம் திருத்த வேண்டிய கொப்பிகள், அதற்குப் பிறகு உன் மாமியோடு வழக்கமான பஞ்சாங்கச் சண்டை. எல்லாம் ஓய்ந்து, மாமியும் மாமாவும் படுத்த பிறகுதான் இலாம்பை மேசைக்கு இழுத்துக்கொள்ள முடிகிறது. கை களைத்துப்போயிருக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

கொழும்பிலிருந்து நீ போட்ட கடிதம் இன்று பள்ளிக்கூட விலாசத்துக்கு வந்தது. கப்பல் வேலை சரிவந்துவிட்டது, பம்பாயில் போய் ஏற வேண்டும், அதற்கு முன் ஒரு கிழமை வீட்டில் நிற்பாய், மே மாதம் இருபத்திரண்டாம் திகதி பின்னேரம் இங்கிருந்து வெளிக்கிட்டு யாழ்ப்பாணத்தில் இரவு மெயில் ரயிலைப் பிடிப்பாய். இவ்வளவையும் அழகாகப் பந்தி பிரித்து எழுதியிருந்தாய். கையெழுத்துக்கும் கீழே, இடம் போதாமல் சரித்து ஒரு வரி: "இந்த முறை முழுவியளத்துக்கு நீங்கள்தான் நிக்கவேணும் அம்மா. மாமியிட்டை நான் சொல்லுறன்." பஸ்ஸில் அந்த வரியைத்தான் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன். சுருவிலில் இறங்க மறந்து சரவணை வரைக்கும் போய்விட்டேன். "என்ன ரீச்சர், இண்டைக்குச் சரவணையிலையோ வகுப்பு?" என்று கொண்டக்டர் கேட்டான். சிரித்துவிட்டு இறங்கி, வெயிலில் அடுத்த பஸ்ஸுக்காக நின்றேன்.

முழுவியளம் என்ற சொல்லைக் கேட்டாலே நீ சிரிக்கிறவன். பயணம் போகிறவன் படலையைத் திறக்கும்போது எதிரே முதலில் வருகிற ஆளைப் பொறுத்துத்தான் போகிற காரியம் என்பது நம் ஊர் நம்பிக்கை. அதைத் தற்செயலாக விட்டால் யார் வந்து தொலைப்பார்களோ என்ற பயத்தில், நிறைகுடத்தோடு ஒரு சுமங்கலியை ஒழுங்கையில் முன்கூட்டியே நிறுத்திவைத்து, அவள் தானாக வருவதுபோல் நடந்து வரச் செய்வோம். கடவுளுக்கே நாடகம் போட்டுக் காட்டுகிற ஊர் இது என்று உன் அப்பா சொல்வார். நீயும் அவரைப்போலத்தான் சிரிக்கிறாய். ஆனாலும் என்னை நிற்கச் சொல்லி எழுதியிருக்கிறாய். விதவை முன்னே வரக்கூடாதென்ற வழக்கத்தை உடைத்துக்காட்ட வேண்டும் என்று உனக்கு ஓர் ஆசை. அது எனக்கு விளங்குகிறது. அதற்கு 'ஓம்' என்றோ 'வேண்டாம்' என்றோ ஒரு சொல்லில் பதில் எழுத என்னால் முடியவில்லை. அதனால்தான் கடிதம் நீளப்போகிறது.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் மாமிக்குப் பிடிபடாத சந்தோஷம். அவர் வாக்கிய பஞ்சாங்கமும் வாங்குவார், திருக்கணிதமும் வாங்குவார் என்பது உனக்குத் தெரியும். இரண்டும் முரண்பட்டால் தனக்கு வசதியான பக்கம் சாய்ந்துகொள்வார். இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார். "திங்கட்கிழமை. பூரணை. ரெண்டு பஞ்சாங்கமும் ஒண்டா நிக்குது பிள்ளை! இப்பிடி ஒரு நாள் கிடைக்க அவன் குடுத்து வைச்சிருக்கவேணும்." குசினிக்குள் இருந்து மாமா, "கப்பல்காரனுக்கும் பஞ்சாங்கம் தெரியுமாக்கும்" என்றார். "உங்களுக்கு எல்லாம் பகிடி. முதல் கொழும்புக்குப் போகேக்கை ஆர் நிண்டது? நான் நிண்டபடியால்தான் பெடியன் உயிரோட வந்து சேந்தவன். இந்த முறையும் நான்தான் குடத்தோட நிக்கிறன்" என்று மாமி சொல்லி முடித்துவிட்டார். உன் கடைசி வரியை நான் அவருக்கு வாசிக்கவில்லை.

பஞ்சாங்கம் நல்ல நாள் என்கிறது. நான் சுவரில் தொங்குகிற கலண்டரைப் பார்த்துப் பயந்துகொண்டிருக்கிறேன். ராகுகாலம் பார்க்கிறவர்களைப் பார்த்து வாழ்நாளெல்லாம் சிரித்த படித்த மனுஷிக்கு, ஓர் இங்கிலீஷ் திகதி வந்து வழி மறிக்கிறது. மே இருபத்திரண்டு என்றால் எனக்கு என்ன என்று உனக்குத் தெரியாது. அப்பாவின் திவசத்தை நாம் வைகாசி மாதத்து வளர்பிறைச் சதுர்த்தியில்தான் செய்கிறோம். அந்தத் திதி ஒரு வருஷம் மே மாதத்தில் வரும், ஒரு வருஷம் ஜூன் மாதத்தில் வரும். வீட்டில் எல்லோருக்கும் அது சதுர்த்தி, அவ்வளவுதான். அதற்குப் பின்னால் ஓர் எண் இருந்தது என்பது மாமிக்கே மறந்துபோயிற்று. எனக்கு மட்டும் மறக்க வழியில்லை. ஏனென்றால் திகதிகளோடு வாழ்வதுதான் என் பிழைப்பு.

பள்ளிக்கூட வாசலில் இருக்கும் சின்னக் கரும்பலகை உனக்கு நினைவிருக்கும். சின்ன வயதில் என்னோடு வரும்போது சோக்கட்டியை உடைத்து உடைத்துத் தருவாய். சரித்திர ரீச்சர் என்ற முறையில் 'இன்றைய நாள்' எழுதுகிற வேலை எனக்கு. உலகத்தில் எங்கேயோ இதே திகதியில் என்ன நடந்தது என்று காலையில் பிள்ளைகள் வாசித்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். போர் மூண்ட நாளிலேயே ஒரு விஞ்ஞானி பிறந்திருப்பார், ராசா முடிசூடிய நாளிலேயே வேறு தேசத்தில் பூமி நடுங்கியிருக்கும். ஒருமுறை ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று என்னை மறித்து, "ரீச்சர், அப்ப இண்டைக்கு நல்ல நாளோ கெட்ட நாளோ? ஒண்டைச் சொல்லுங்கோ, அம்மாட்டைச் சொல்லவேணும்" என்று கேட்டது. "இண்டைக்கு வியாழக்கிழமை, உள்ளை போ" என்று அனுப்பிவிட்டேன். அந்தப் பிள்ளைக்குச் சரியான பதில் சொல்லவில்லையே என்று இப்போது நினைக்கிறேன்.

மே இருபத்திரண்டுக்கு நான் எழுதக்கூடியவை நிறைய உண்டு. விதவைகளை உடன்கட்டை ஏற்றும் கொடுமைக்கு எதிராக நின்ற வங்காளத்துப் பெரியவர் பிறந்தது அன்றைக்குத்தான் என்று புத்தகங்கள் சொல்கின்றன. பறக்கும் யந்திரத்துக்கு அமெரிக்கச் சகோதரர்கள் இருவர் உரிமை பெற்றதும் அன்றைக்குத்தான். நீ மழலை பேசிக்கொண்டிருந்த காலத்தில் சிலி நாட்டில் பெரும் பூகம்பம் வந்து ஊர்கள் அழிந்ததும் அதே திகதியில். வருஷத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி எழுதிக்கொண்டு வந்தேன். ஐம்பத்தெட்டில் நடந்ததை மட்டும் எழுதியதில்லை. அது சரித்திரமா, வீட்டுச் சங்கதியா என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

பிறகு எழுபத்திரண்டு வந்தது. நாடு குடியரசாகிறது, அதுவும் மே இருபத்திரண்டில். உனக்கு அப்போது பதினாலு வயது. புது யாப்பில் தமிழருக்கு ஒன்றும் இல்லையென்று ஊரெல்லாம் கறுப்புக் கொடி. நம் வீட்டுப் படலையிலும் நீதான் மாமாவின் பழைய குடைச் சீலையைக் கிழித்துக் கட்டினாய், மாமி அந்தக் குடைக்காக உன்னை ஏசினார். பிள்ளைகள் ஒருவரும் பள்ளிக்கூடம் வரமாட்டார்கள் என்று தெரியும். ஆனாலும் ஆசிரியர்கள் வந்து முகம் காட்டிவிட்டுப் போக வேண்டும் என்று தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவள், தூர இடத்துக்கு மாற்றினால் உன்னை என்ன செய்வது என்ற பயத்தில் நான் போனேன். நீ என்னோடு பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். வெறும் பள்ளிக்கூடம். தலைமையாசிரியர் கரும்பலகைக்கு முன்னால் நின்றுகொண்டு, "ரீச்சர், இண்டைக்கு என்ன எழுதப்போறீர்? எதை எழுதினாலும் ஆரோ ஒராள் கோவிப்பினம்" என்றார். நான் சோக்கை எடுத்து, வங்காளத்துப் பெரியவர் பிறந்து சரியாக இருநூறு வருஷம் ஆகிறது என்று எழுதினேன். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு வாசித்தார். "வாசிக்க ஒரு பிள்ளையும் இல்லை. ஆருக்கு எழுதுறீர்?" என்று கேட்டார். "எனக்குத்தான் சேர்" என்றேன். மனுஷன் உள்ளே போனார். தன் கதிரையைக் கொண்டுவந்து விறாந்தையில் போட்டு என்னை இருக்கச் சொன்னார். தேசத்துக்கு அது விழா நாள், ஊருக்குத் துக்க நாள், எனக்கு அது வேறொன்று. மூன்றும் ஒரே வெயிலில் கிடந்தன. நான் பயந்தாங்கொள்ளியாகப் பள்ளிக்கூடம் போனேன் என்றுதான் நீ இன்றும் நினைத்துக்கொண்டிருப்பாய். அதில் பாதி உண்மை. மற்றப் பாதி, அன்றைக்கு வீட்டில் இருக்க எனக்கு ஏலவில்லை.

இனி ஐம்பத்தெட்டைச் சொல்கிறேன். நீ கேட்டபோதெல்லாம் "கலவரத்திலே அப்பா போயிட்டார்" என்று ஒரு வசனத்தோடு நிறுத்திக்கொண்டேன். உன் அப்பா பொலன்னறுவைப் பக்கம் ஒரு நெற்களஞ்சியத்தில் கிளாக்கராக இருந்தார். நீ பிறந்து மூன்று மாதம். உன்னைப் பார்க்க லீவில் வந்திருந்தார். எனக்கு இருபது வயது. பாதி நேரம் உன்னைத் தூக்கத் தெரியாமல் மாமியிடம் பேச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். லீவு முடிந்து வியாழக்கிழமை வெளிக்கிட வேண்டும். மாமி பஞ்சாங்கத்தைக் கொண்டுவந்து தன் தம்பிக்கு முன்னால் விரித்தார்.

"சதுர்த்தியிலே பயணமோ? ஒரு நாள் பொறுத்துப் போவன் தம்பி."

"அக்கா, கந்தோருக்குச் சதுர்த்தி நவமி தெரியாது. லீவு முடிஞ்சால் முடிஞ்சதுதான்."

"அப்ப முழுவியளமாவது நல்லதா இருக்கட்டும். நான் போய் ஆரையேன் பாக்கிறன்."

"ஏன் ஊரெல்லாம் தேடுறியள்? வீட்டிலேயே ஒருத்தி இருக்கிறாளே, ஆம்பிளைப் பிள்ளை பெத்தவள்" என்றார் அவர், என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு. மாமியும் ஒத்துக்கொண்டார். உன்னை மாமியின் கையில் கொடுத்துவிட்டு, பின் வேலியால் சுற்றி ஒழுங்கைக்குப் போய், குடத்தோடு நின்றது நான்தான். அவர் படலையைத் திறந்ததும் நடக்கத் தொடங்கினேன். குடத்தை முட்ட நிரப்பியிருந்தேன். அவருக்குக் கிட்ட வரும்போது தளும்பிச் சப்பாத்தில் கொட்டியது. "இஞ்சேரும், என்னை அனுப்புறீரோ, முழுக வாக்கிறீரோ?" என்று அவர் சிரித்தார். உள்ளே இருந்து மாமி, "விசரா, பயணத்திலே என்ன வாய் அது!" என்று கத்தினார். "போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு, ஈரச் சப்பாத்தோடு நடந்து போனார்.

கிழக்கே ரயிலில் போன தமிழரைத் தாக்கத் தொடங்கியது அன்றைக்குத்தான், பொலன்னறுவை நிலையத்தில்தான் என்று பிறகு பேப்பரில் வாசித்தோம். பிறகு தந்தி இல்லை, தபால் இல்லை. அகதிகளை ஏற்றிக்கொண்டு காங்கேசன்துறைக்குக் கப்பல்கள் வந்தபோது, மாமா உன் அப்பாவின் கலியாணப் படத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கப்பலுக்கும் போனார். அவர் களஞ்சியத்துக்கு வந்து சேரவேயில்லை என்றார் ஒருவர். வந்து சேர்ந்தார், மற்றவர்களோடு காட்டுப் பக்கம் ஓடினார் என்றார் இன்னொருவர். வழியில் வேறு ஊரில் கண்டேன் என்றார் மூன்றாமவர். உடலும் இல்லை, நாளும் இல்லை. ஆகவே நான் பொட்டை அழிக்கவில்லை. ஊர் என் நெற்றியைப் பார்த்து முணுமுணுத்தது. மாமி மட்டும் முணுமுணுக்கவில்லை. "ஆர் என்ன கதைச்சாலும் நீ பொட்டை வை பிள்ளை. அவன் வந்து பாக்கேக்கை வெறும் நெத்தியோட நிக்கப்போறியே?" என்பார். அந்த மனுஷி பஞ்சாங்கம் பார்க்கிறார் என்று நானும் நீயும் சேர்ந்து சிரித்திருக்கிறோம். இனிச் சிரிக்க வேண்டாம்.

அடுத்த வருஷம் வைகாசி வந்தபோது மாமி சாப்பாட்டைத் தொடவில்லை. கேட்டதற்கு, "இல்லைப் பிள்ளை... தப்பித் தவறி அவன் செத்துத்தான் போயிருந்தால், ஒரு வருஷமாப் பசியோட நிக்கிறானெல்லே? நாங்கள் ஒரு பிடி சோறும் வைக்கேல்லை" என்று சொல்லிவிட்டு அழுதார். ஐயரிடம் போனோம். மாமாவும் மாமியும் முன்னால் இருந்தார்கள், நான் உன்னை மடியில் வைத்துக்கொண்டு தூணோடு இருந்தேன். "திதி தெரியாமல் என்னெண்டு செய்யிறது?" என்றார் ஐயர். "செய்தி வந்த நாளைச் சொல்லலாம். ஒண்டுமே தெரியாட்டால் அமாவாசையை எடுக்கலாம்." மாமா அமாவாசை என்றார். செய்தி என்றே ஒன்று வரவில்லையே என்று மாமி இழுத்தார். என்னை யாரும் கேட்கவில்லை, ஆனாலும் நான் சொன்னேன்: "மே மாதம் இருபத்திரண்டாம் திகதி."

ஐயர் பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டி, "வைகாசி, வளர்பிறைச் சதுர்த்தி" என்று வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "அண்டைக்கு அவர் வீட்டாலை வெளிக்கிட்ட நாளெல்லோ பிள்ளை? அண்டைக்கு உயிரோட இருந்தவர்."

"ஓம் ஐயா. அவரைப் பற்றி எனக்கு வடிவாத் தெரிஞ்ச கடைசி நாள் அதுதான்."

பிறகு ஐயர், "சரி, அதையே வைப்பம்" என்றார். வீட்டுக்கு வந்து முகத்தைக் கழுவினேன். அன்றையிலிருந்து நான் விதவை. என்னை விதவையாக்கியது யார் என்று யாராவது கேட்டால், பொலன்னறுவையில் முகம் தெரியாத சிலர் பாதி, என் வாயால் வந்த அந்தத் திகதி பாதி.

அதற்குப் பிறகு உனக்குத் தெரிந்த கதைதான். படித்தால்தான் உன்னை வளர்க்கலாம் என்று மாமா பிடிவாதமாக என்னை ஆசிரிய கலாசாலைக்கு அனுப்பினார். விடுதியில் இருந்து படித்த இரண்டு வருஷமும் உன்னை வளர்த்தது மாமி. படிப்பு முடிந்து வந்தபோது, ஊரார் கூப்பிடுவதைக் கேட்டு நீயும் என்னை "ரீச்சர்" என்றாய். மாமி வயிறு குலுங்கச் சிரித்தார். நானும் கூடச் சிரித்துவிட்டு, கிணற்றடியில் போய் நின்றேன். அந்த இரண்டு வருஷத்தை உனக்கு நான் திருப்பித் தரவேயில்லை. நல்ல புள்ளிகள் எடுத்தும், தமிழ்ப் பிள்ளைகளிடம் கூடுதல் புள்ளி கேட்ட தரப்படுத்தலால் பல்கலைக்கழகம் கிடைக்காமல் நீ கட்டிலில் குப்புறக் கிடந்த நாட்களில், பக்கத்தில் இருந்து ஒரு வார்த்தை சொல்லாமல் கொப்பி திருத்திக்கொண்டிருந்தேனே, அதுவும் எனக்கு உறுத்துகிறது. பயந்தால் நான் வேலையைத் தூக்கிக்கொள்கிறவள்.

போன வருஷம் நீ கப்பல் வேலை பழகக் கொழும்புக்கு முதன்முதல் வெளிக்கிட்டபோது நடந்ததை நீ கவனித்திருக்கமாட்டாய். கிணற்றடியில் குடத்தை நிரப்பி வைத்தது நான். தூக்கிக்கொண்டு பின் வேலிப் பக்கம் இரண்டடி வைத்துவிட்டேன், என்னையறியாமல். மாமி ஓடிவந்து குடத்தை வாங்கிக்கொண்டார். "விடு பிள்ளை, நான் நிக்கிறன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, மிகவும் மெதுவாகச் சொன்னார். பார்த்தவர்கள் விதவையைத் தடுக்கிறார் என்று நினைத்திருப்பார்கள், உனக்கும் அப்படித்தான் பட்டிருக்கும். அது காரணமில்லை, மகனே. உன் அப்பாவுக்கு நின்றது யார் என்பது மாமிக்கும் எனக்கும்தான் தெரியும். இருபது வருஷத்தில் ஒருமுறைகூட அதை அவர் வாயால் சொல்லிக் காட்டியதில்லை. குடத்தை வாங்கிய அந்தக் கைதான் சொன்னது. ஆவணியில் கலவரம் வந்து, அகதிக் கப்பலில் நீ காங்கேசன்துறையில் இறங்கி, தாடியும் அழுக்குமாக வீட்டுக்கு வந்தபோது, "பாத்தியளே, ஆர் நிண்டது?" என்று மாமி ஊருக்கே கேட்கச் சொன்னார். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். நன்றி பாதி, பொறாமை பாதி.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். 'திகதியை ஒரு நாள் தள்ளிப் போடு' என்று எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். கப்பல்காரர்கள் விடுவார்களோ என்னவோ, கேட்டாவது பார் என்று எழுதவிருந்தேன். பிறகு பள்ளிக்கூடத்துக்கென்று எழுதி வைத்திருக்கும் குறிப்புகளைப் புரட்டினேன். இருபத்தொன்றைப் பார்த்தேன், இருபத்துமூன்றைப் பார்த்தேன். அவற்றிலும் போர், அவற்றிலும் சாவு, அவற்றிலும் யாரோ பிறந்திருக்கிறார்கள். இத்தனை வருஷம் அந்தப் பலகையில் எழுதியும் ஒன்றும் நடக்காத ஒரு நாளை நான் கண்டுபிடிக்கவில்லை. உன்னை ஏற்றி அனுப்ப வெறுமையான ஒரு திகதி எந்தக் கலண்டரிலும் இல்லை. ஆகவே நாளை மாற்ற வேண்டாம். இருபத்திரண்டிலேயே போ.

யார் நிற்பது என்பதுதான் மிச்சம். என் படிப்பு, நான் நின்றதற்கும் அவர் வராததற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்கிறது. பொலன்னறுவையில் தடியோடு நின்றவர்களுக்குச் சுருவில் ஒழுங்கையில் குடத்தோடு வந்தவளைத் தெரியாது. இது எனக்குப் பகலில் நன்றாக விளங்குகிறது. ஆனால் குடத்தைக் கையில் எடுத்தால் அந்த ஈரச் சப்பாத்துத்தான் கண்முன் வருகிறது, அதற்கு நான் என்ன செய்ய? நீயோ விதவை என்ற சொல்லை எதிர்த்து என்னை நிற்கச் சொல்கிறாய். அந்தச் சொல்லுக்கு நான் பயப்படவில்லை. நின்று அனுப்பிய ஒருவரை இழந்தவள் என்பதற்குத்தான் பயப்படுகிறேன். நீ இதைத் தெரியாமல் கேட்டிருக்கிறாய். தெரியாதவனிடம் 'ஓம்' சொல்வது உன்னை ஏமாற்றுவதாகும்.

ஆனால் ஐயருக்கு நான் சொன்ன பதிலை இன்று எழுதும்போது எனக்கே வேறுமாதிரிக் கேட்டது. இத்தனை வருஷமும் அந்தத் திகதியை அவர் செத்த நாளாகவே சுமந்தேன். அன்றைக்கு அவர் சாகவில்லை. அன்றைக்கு அவர் சிரித்தார், அக்காவிடம் ஏச்சு வாங்கினார், ஈரச் சப்பாத்தோடு நடந்து போனார். நம் வீட்டில் அவரைத் திரும்பிப் பார்த்த கடைசி ஆள் நான். அந்த இடம் எனக்குக் கிடைத்திருக்கிறது, மாமிக்குக் கிடைக்கவில்லை. அவர் வீட்டுக்குள்ளே பிள்ளையோடு நின்றார். தம்பியின் முகத்தைக் கடைசியாக வடிவாகப் பார்க்கவில்லையே என்பது அவருக்கு இன்றும் ஆறாத காயமாக இருக்கலாம். அதனால்தான் உனக்கு முன்னே நிற்க அப்படி அடிபடுகிறாரோ என்னவோ. இருபது வருஷம் ஒரே குசினியில் சமைத்தும் அதை நான் அவரிடம் கேட்டதில்லை.

எனக்கு நிற்க ஆசையாக இருக்கிறது. பயத்தோடுதான், ஆனாலும் ஆசையாக இருக்கிறது. நீ கேட்காதிருந்தால் இந்த ஆசை எனக்குள் இருப்பதே தெரியாமல் போயிருக்கும். ஆனால் போகிறவன் நீ. நடுக்கடலில் புயல் அடிக்கும்போது, அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தோமே என்று உன் மனதில் ஒரு சின்ன முள் குத்தக்கூடாது. எல்லாவற்றையும் வாசித்த பிறகும் நான்தான் நிற்க வேண்டும் என்று நினைத்தால் நிற்கிறேன். வேண்டாம் என்று பட்டால் ஒளிக்காமல் எழுது, மாமி நிற்பார், நான் விறாந்தையில் நிற்பேன், அதில் எனக்கு மனவருத்தம் வராது. வந்தாலும் அது உன் தலையில் விழாது. மாமியிடம் நீ சொல்ல வேண்டாம். உன் பதில் எதுவாக இருந்தாலும் அதை அவரிடம் நான்தான் சொல்ல வேண்டும். ஐம்பத்தெட்டைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் பேச வேண்டிய பேச்சு ஒன்று பாக்கி இருக்கிறது. நிற்பது நானென்றால் அவரைத் தனியே பின்னால் விடமாட்டேன், பக்கத்தில் வந்து நில்லுங்கோ மச்சாள் என்று கேட்பேன். வருவாரோ, பஞ்சாங்கத்தை என் தலையில் எறிவாரோ தெரியாது.

மற்றப் புத்திமதிகள் அம்மாமார் எல்லோரும் சொல்வதுதான். குளிர் நாடுகளுக்குப் போகும்போது நெஞ்சை மூடிக்கொள். கப்பலில் எல்லா நாட்டு மனிதரும் இருப்பார்கள், நம் நாட்டுச் சிங்களப் பெடியன்களும் இருப்பார்கள். அப்பாவுக்கு நடந்ததை அவர்கள் தலையில் போட்டுப் பார்க்காதே. அவர்களும் ஏதோ ஒரு படலையால் வெளிக்கிட்டு வந்தவர்கள்தான். குடிக்காதே என்று சொன்னால் சிரிப்பாய், அளவோடு நிறுத்து என்று மட்டும் எழுதுகிறேன். ஒன்றே ஒன்றை மட்டும் கட்டாயமாகச் செய்: நீ போடும் ஒவ்வொரு கடிதத்திலும் எந்தத் துறைமுகம், என்ன திகதி என்று மேலே எழுது. மற்ற எதை மறந்தாலும் அதை மறவாதே. நீ எந்த நாளில் எங்கே இருந்தாய் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். திகதி இல்லாமல் காத்திருப்பது எப்படி என்று எனக்குத் தெரியும், இன்னொரு முறை அது எனக்கு ஏலாது.

இதை நாளைக் காலை ஊர்காவற்றுறைத் தபாற்கந்தோரில் நானே கொண்டுபோய்ப் போடுகிறேன். நீ வீட்டுக்கு வரும்வரை வைத்திருக்காமல், கடிதம் கிடைத்த அன்றைக்கே இரண்டு வரி என்றாலும் எழுது. நான் நிற்கட்டுமா, வேண்டாமா, அது ஒன்றைச் சொன்னால் போதும். சுணங்காமல் பதில் போடு, ராசா.

உன்
அம்மா